அக்காவுக்கு வயது எக்ஸ்

பேருந்து நிலையத்தில் கால அட்டவணைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு கம்பி ஜன்னல் உண்டு. பேருந்தில் எதையாவது விட்டுவிட்டு இறங்கியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து நிற்கும் ஜன்னல் அது. அதற்குப் பின்னால் நாற்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுநர்கள், நடத்துநர்கள், டீக்கடைக்காரர், எல்லோருக்கும் அக்கா. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் பல்செட்டைத் தொலைத்துவிட்டு வந்தபோது அவரும் வாயைப் பொத்திக்கொண்டு, "அக்கா, என் பல்லு" என்றுதான் கேட்டார். அதில் அவருக்கும் கூச்சமில்லை, அக்காவுக்கும் கூச்சமில்லை.

அந்த ஜன்னலில் ஒரு பொருளை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

"உங்க குடைதானா? எப்படி இருக்கும்?"

"கருப்பா இருக்கும்."

"உலகத்துல பாதிக் குடை கருப்புதான். தொலைச்சது எதுன்னு உங்களுக்கே தெரியலைன்னா, அது இங்கயே நிம்மதியா இருக்கட்டும். போய் நல்லா யோசிச்சுட்டு வாங்க."

வந்தவர் மழையில் நனைந்துகொண்டே யோசிக்கப் போய்விடுவார். அக்கா சொன்னால் சொன்னதுதான்.

வீட்டிலும் அப்படித்தான். மாடியில் அக்கா, கீழே தங்கையும் தங்கையின் கணவரும். கீழ்வீட்டுத் திரைச்சீலை என்ன நிறம், தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், தங்கையின் மகள் எந்த ஊரில் வேலைக்குப் போகலாம், எல்லாம் மாடியிலிருந்துதான் இறங்கி வரும். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம், "முதல்ல தங்கச்சி படிப்பு முடியட்டும், அப்புறம் அவ கல்யாணம் முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் பிள்ளை குட்டி பிறந்திருந்தது. அதற்காக அவள் மூக்கைச் சிந்தவில்லை. அக்கா என்பது அவளுக்கு உறவுமுறை இல்லை, உத்தியோகம்.

தங்கையின் கணவர் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர். வெள்ளையில் இரண்டு சதவீதம் மஞ்சள், அதில் அரை சதவீதம் கருப்பு என்று நாள் முழுக்கக் கலக்கிக் கலக்கி, மனிதருக்கு உலகமே சதவீதமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. "இன்னிக்கு வீட்டுல சத்தம் முப்பது சதவீதம் ஜாஸ்தி" என்பார். சாப்பாட்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும் என்று தங்கை சொன்னால், "உன் அஞ்சு நிமிஷத்தை எக்ஸ்னு வச்சுக்குவோம்" என்று பென்சிலைத் தேடுவார். அக்கம்பக்கத்தில் அவருக்கு எக்ஸ்காரர் என்று பேர். அவர் போட்ட கணக்கால் இதுவரை யாருக்கும் ஒரு பயனும் இல்லை, ஒரு கெடுதலும் இல்லை. அக்காவுக்கு அறுபது வயது நிறைந்த அன்றுதான், கெடுதல் இல்லாத கணக்கு என்ற நல்ல பேரும் போயிற்று.

அன்றைக்குக் கீழ்வீட்டில் சின்னதாக ஒரு விருந்து. கேக் வாங்கியிருந்தார்கள். அதன் மேல் சிவப்பு க்ரீமில் பெரிதாக அறுபது. அக்கம்பக்கத்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் நாற்காலி போதாமல் கட்டில் விளிம்பிலும் உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்காரர் கடையிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். அதில் நீல பெயின்டில், அழகான கையெழுத்தில் ஒரு கணக்கு:

"ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிவந்தபோது அப்பாவுக்கு வயது முப்பது. அவருடைய இரண்டு மகள்களின் வயதையும் கூட்டினால், அப்பா வயதில் நாற்பது சதவீதம். அந்த வருஷம்தான் அக்காவை, சரியாக ஐந்து வயதில், ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். குடிவந்து இன்றைக்கு ஐம்பத்து மூன்று வருஷம். அக்காவுக்கு இப்போது வயது என்ன?"

"முதல்ல விடை சொல்றவங்களுக்குத்தான் கேக்குல முதல் துண்டு" என்று அறிவித்தார்.

எல்லாம் வீட்டில் காலங்காலமாகப் புழங்கிய சங்கதிகள்தான். அந்த நாற்பது சதவீதம் அப்பா சொன்னது. அப்பா தராசு பழுது பார்த்தவர். எதையும் நிறுத்துத்தான் சொல்வார், அவர் சொன்ன அளவில் யாரும் குறை கண்டதில்லை. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் சேர்ந்தது அக்காவின் தற்பெருமை. "ஒரு நாள் முந்தியும் இல்ல, ஒரு நாள் பிந்தியும் இல்ல, அஞ்சு முடிஞ்ச அன்னிக்கே சேர்த்தாங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். குடிவந்தபோது தனக்கு ஏழு, தங்கைக்கு ஐந்து என்பதும் அவள் சொன்னதுதான். இரண்டு பேச்சும் ஒரே தலைக்குள், மாடியும் கீழுமாக இருந்து முகம் பார்க்காத இரண்டு குடித்தனங்கள் மாதிரி, இத்தனை வருஷம் இருந்திருக்கின்றன. எக்ஸ்காரரும் கணக்கை எழுதினாரே தவிர, போட்டுப் பார்க்கவில்லை. விடைதான் கேக் மேலேயே இருக்கிறதே, அப்புறம் எவன் போட்டுப் பார்ப்பான்?

மருந்துக்கடைக்காரர் கேக்குக்கு ஆசைப்பட்டவர். காகிதத் தட்டைத் திருப்பி வைத்துக் கிறுக்கினார்.

"முப்பதுல நாப்பது சதவீதம் பன்னெண்டு. அக்காவுக்கு அஞ்சு. அஞ்சும் ஐம்பத்து மூணும் ஐம்பத்தெட்டு. அக்காவுக்கு ஐம்பத்தெட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். பாவம், மாத்திரை எண்ணுகிற மனிதருக்குக் கூட்டல் வரவில்லை என்று பக்கத்து வீட்டம்மா தட்டைப் பிடுங்கித் தானே போட்டாள். போட்டவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"பன்னெண்டுல அஞ்சு போனா ஏழு. அப்ப சின்னவங்களுக்கு ஏழா? ஏழும் ஐம்பத்து மூணும் அறுபது ஆகுதே?"

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். அப்புறம் கேக்கைப் பார்த்தார்கள். அப்புறம் அக்காவைப் பார்க்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

எக்ஸ்காரர் பென்சிலை எடுத்துவிட்டார். "அக்கா வயசை எக்ஸ்னு வச்சுக்குவோம். தங்கச்சி வயசை ஒய்னு வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்து மூன்று விதமாகப் போட்டார். மூன்று விதத்திலும் தன் சொந்த மனைவி, தன் மனைவியின் அக்காவுக்கு அக்காவாக வந்தாள். அப்பாவுக்கு வயதைக் குறைத்துப் பார்த்தார். இருபத்தைந்து என்று வைத்தால் இரண்டு பேருக்கும் ஐந்து.

"இரட்டைப் பிள்ளைங்கன்னு வச்சுக்கலாமா, அண்ணி?" என்று பாவமாகக் கேட்டார்.

"என்ன தம்பி பேசறீங்க? எங்கப்பாவுக்கு முப்பதுதான்."

"அப்ப சதவீதத்தைக் கொஞ்சம் அசைச்சுப் பார்க்கட்டுமா?"

"எங்கப்பா சொன்ன அளவை நீங்க அசைப்பீங்களா?"

"பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் இருக்குமே?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். அப்பா நிறுப்பதில்தான் கறார், பிறந்த தேதியில் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிச் சேர்த்திருந்தார். அந்தச் சான்றிதழ்களை நம்பினால் இரண்டு மகள்களும் ஐந்து மாத இடைவெளியில் பிறந்தவர்கள். அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற அவற்றைப் பெட்டியோடு பூட்டி வைத்திருந்தார்கள்.

அக்கா பலகையை உற்றுப் பார்த்தாள். கணக்கில் எது இடிக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்று, அவள் ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனவளாக இருக்க வேண்டும். இல்லை, அவள் அக்காவாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அஞ்சு இல்ல. ஏழு. நான் ஏழு வயசுலதான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தேன். படிப்புல கொஞ்சம் மந்தம். வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு. மாத்தி எழுதுங்க தம்பி."

தன்னை மந்தம் என்று அக்கா சொல்லி யாரும் கேட்டதில்லை. எக்ஸ்காரருக்குப் போன உயிர் வந்தது. தூரிகையைத் தேடி ஓடினார். நாற்காலிகள் நகர்ந்தன, பேச்சு திரும்பியது, மருந்துக்கடைக்காரர் தட்டை நீட்டினார்.

கேக் கத்தியைக் கையில் வைத்திருந்த தங்கை நிமிரவில்லை. "இல்ல. அஞ்சுதான்" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? நீ அப்ப சின்னக் குழந்தை."

"எனக்கு ஏழு. எல்லாம் ஞாபகம் இருக்கு."

விருந்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் வீட்டில் வேலை இருப்பது ஞாபகம் வந்தது. மீதிப் பேர் நாகரிகம் பார்க்காமல் உட்கார்ந்து கேட்டார்கள்.

தங்கை சொன்னது இதுதான். அவளுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் பெரியம்மா வீட்டில்தான் விட்டிருந்தார்கள். உடம்பு தேறி, எலும்பும் தோலுமாக, ஒரு துணி மூட்டையோடு புது வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, அவளைவிடக் கொழுகொழுவென்று ஒரு ஐந்து வயதுப் பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. "நான்தான் அக்கா. நீ என் பின்னாடி வா" என்றது. இல்லை, இவள்தான் அக்கா என்று அப்பா சொல்ல வாயெடுத்ததும் அது தெருவே கேட்க அழுதது. "ரெண்டு நாளைக்கு அவளே அக்காவா இருந்துட்டுப் போகட்டும்" என்று அம்மா சொன்னாள். அடுத்த வருஷம் தங்கையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, ஆள் பொடிசாக இருந்ததால் ஐந்து வயது என்றே சொல்லிவிட்டார்கள். அந்த ரெண்டு நாள் எப்போது முடிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

"நான் அழுதேனா?" என்று அக்கா கேட்டாள்.

"பயங்கரமா அழுத. எனக்கே பாவமா போச்சு. அதுவுமில்லாம, தங்கச்சியா இருந்தா பாத்திரம் கழுவ வேண்டாம்."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார். அக்கா சிரிக்கவில்லை. அவள் இன்னொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பென்சில் தேவைப்படவில்லை.

"சரி. அப்ப சொல்லலை, அது குழந்தை விளையாட்டு. அப்பா படுத்த படுக்கையானப்ப, 'நான் மூத்தவ, நான் படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போறேன், அவ படிக்கட்டும்'னு நான் சொன்னேனே. அப்ப நீ எங்க இருந்த?"

"கதவுக்குப் பின்னாடி."

"என்ன பண்ணிட்டிருந்த?"

"கேட்டுக்கிட்டிருந்தேன்."

"உனக்கு அப்பப் பத்தொன்பது."

"ஆமா."

"எனக்குப் பதினேழு."

"ஆமா." தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மா என்னைப் பார்த்தா. நான் தரையைப் பார்த்தேன். எனக்குப் படிக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

தங்கை படித்து, புவியியல் டீச்சராகி, முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு எந்த நதி எந்தக் கடலில் விழுகிறது என்று சொல்லிக் கொடுத்தவள். அக்கா கடலைப் பார்த்ததே அவள் வாங்கி வந்த வரைபடத்தில்தான். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேக்கை யார் வெட்டினார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் பார்த்தபோது அறுபதில் ஆறு மட்டும் மிச்சம் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த வீட்டில் நடந்ததை நேரில் பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். தங்கை, செய்த தப்புக்குப் பரிகாரமாக, அக்கா உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டுவிட்டாள். காலையில் மாடிப்படியின் கீழே நின்று, "நீ சாப்பிட்டியா? குளிச்சியா? குடை எடுத்துக்கோ!" என்று கத்தினாள். பழக்கமில்லாத தொண்டை, பாதியில் கீச்சென்றது. தண்ணீர் கேன்காரனை அதட்டப் போய், கடைசியில் அவன் கஷ்டத்தைக் கேட்டு அழுதுவிட்டு வந்தாள். திரைச்சீலை நிறத்தைத் தானே முடிவு செய்கிறேன் என்று மூன்று கடை ஏறி இறங்கி, பழைய நிறத்திலேயே வாங்கி வந்தாள்.

எக்ஸ்காரர் நிலை இன்னும் மோசம். இத்தனை காலமும் அண்ணி என்று பயந்து ஒதுங்கி நின்றவர். மனைவிக்கு மூத்தவள் அண்ணி, இளையவள் மச்சினி. கணக்குப்படி இப்போது இவள் மச்சினி, மச்சினியைக் கேலி செய்யலாம், செய்யாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. விடையை மதிக்கிறவர் என்பதால் ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, படியில் இறங்கி வந்த அக்காவிடம், "என்ன மச்சினி, இன்னிக்கு அலங்காரம் இருபது சதவீதம் ஜாஸ்தியா இருக்கே" என்றார். அக்கா நின்று ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் அன்று பச்சை கேட்டவருக்கெல்லாம் ஊதா கலந்து கொடுத்தாராம்.

அக்காவுக்கோ ஜன்னலிலும் நிம்மதியில்லை. யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால், திருட்டு நகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி உடம்பு கூசியது. அலுவலகத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆறு மாதம் யாரும் கேட்டு வராத பொருள், கண்டெடுத்தவருக்கே சொந்தம். ஐம்பத்து மூன்று வருஷமாகக் கேட்டு வரவில்லையே, அப்படியானால் இது என்னுடையதுதானே என்று ஒரு நிமிஷம் தேறுவாள். ஆனால் சொந்தக்காரருக்குப் பொருள் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருந்து, பக்கத்திலேயே நின்று, அதைச் சுமக்கிறவளுக்கு மூச்சு வாங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று அந்த விதியில் இல்லை. உடனே மறுபடியும் கோபம் வரும். கோபம் வந்தால் குடை கேட்டு வந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

விடுமுறை நாள் காலையில் தங்கை மாடிக்கு ஏறி வந்தாள். மேல்படியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மூட்டுக் காய்ச்சல் அந்த நாளிலேயே அவள் இருதயத்தில் கொஞ்சம் கை வைத்துவிட்டுத்தான் போயிருந்தது. அக்கா கதவைத் திறந்தாளே தவிர, வா என்று சொல்லவில்லை.

"நான் பண்ணினது தப்பு. மன்னிச்சுடுன்னு கேட்க எனக்கு வாய் வரலை. என்ன பண்ணா நேராகும்னு நீயே சொல்லு, செய்யறேன்."

அக்கா கீழ்வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு. அவர்தானே ஆரம்பிச்சு வச்சார். அவரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்."

எக்ஸ்காரர் நிற அட்டையும் பென்சிலுமாக ஓடி வந்தார். தன்னிடம் ஒரு கணக்கு கேட்டு ஆள் விட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"நான் அக்காவா உழைச்சது ஐம்பத்து மூணு வருஷம்" என்றாள் அக்கா. "இனிமே இவ உழைக்கட்டும். எவ்வளவு காலம் உழைச்சா பாதிக்குப் பாதி ஆகும்?"

"நல்ல கணக்கு" என்று எக்ஸ்காரர் தரையிலேயே உட்கார்ந்தார். "இவ அக்காவா இருக்கப்போற வருஷத்தை எக்ஸ்னு வச்சுக்குவோம். எண்பது வயசு வரைக்கும் இருந்தான்னா எக்ஸ் இருபது. மொத்தம் எழுபத்து மூணுல இருபது. அது இருபத்தேழு சதவீதம்தான் வருது."

"பத்தாது."

"தொண்ணூறு வரைக்கும்னா முப்பத்தாறு சதவீதம்."

"நான் பாதி கேட்டேன் தம்பி."

"பாதின்னா எக்ஸ் ஐம்பத்து மூணாகணும். இப்ப அறுபது. அறுபதும் ஐம்பத்து மூணும்..." அவர் பென்சில் நின்றுவிட்டது. "நூத்திப் பதிமூணு. அண்ணி, இந்த மாதிரி விடை வந்தா கணக்கையே தள்ளிடணும். மனுஷங்களுக்குப் பொருந்தாத விடை."

அக்கா தங்கையைப் பார்த்தாள். இன்னும் மூச்சு சரியாகவில்லை, கழுத்து எலும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் அக்கா ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதியாக இருந்தாள். முறைப்படி மூத்தவள்தான் முதலில் போவாள், அதனால் இவள் போவதைத் தான் பார்க்க வேண்டியிருக்காது. பலகையில் எழுதிய கணக்கு அந்த வரிசையையும் திருப்பிப் போட்டுவிட்டது என்பது இந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பயமாக இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எதையும் தள்ள வேண்டாம். நூத்திப் பதிமூணுன்னா நூத்திப் பதிமூணு. அதுக்கு ஒரு நாள் முன்னாடி நீ போனாலும் நான் சும்மா விட மாட்டேன். காதுல விழுந்துச்சா?"

"சரிக்கா" என்றாள் தங்கை.